மேஸ்திரி ஏற்றிய விளக்கு

அன்றைக்கும் விளக்கு கோகிலவாணியின் மேசையில்தான் எரிந்தது. என் வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்வது எங்கள் கட்டுப்பாட்டு அறையில் வழக்கமாகிவிட்டது.

என்ன விளக்கு என்று சொல்லிவிடுகிறேன். கீழச்சேந்தல் விமானப்படைத் தளம் ராமநாதபுரம் கடற்கரையில், உப்புக்காற்றுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவில் இருக்கிறது. எந்த விமானம் எப்போது கிளம்ப வேண்டும், எந்த லாரி எதற்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், எந்தக் கொட்டகையில் யார் ஸ்பேனர் பிடிக்க வேண்டும், ஓடுபாதையில் இப்போது யாருக்கு இடம், எல்லாவற்றையும் ஒரு மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது, யார் வாயிலும் நுழையாது. ஆள் பிரித்து வேலை ஏவுகிற சாமர்த்தியத்தைப் பார்த்து ஊழியர்கள் வைத்த பெயர் மேஸ்திரி. அதுவே நிலைத்துவிட்டது. பஞ்சாபிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள்கூட "மிஸ்திரி" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மேஸ்திரிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. உயிர் சம்பந்தப்பட்ட எந்தக் காரியத்தையும் ஒரு மனிதர் 'சரி' சொன்னால்தான் செய்யும். அதற்காக எங்கள் அறையில் இரண்டு மேசைகள், இரண்டு அதிகாரிகள். யாரிடம் கேட்கிறதோ அவர் மேசையில் பச்சை விளக்கு எரியும், அவர் 'சரி' விசையை அழுத்துவார். விளக்கு எரியாத மேசைக்காரரிடம் சிவப்பாக ஒரு 'நில்' விசை இருக்கும். தப்பு நடக்கிறது என்று பட்டால் அதை அழுத்தலாம், எல்லாம் நின்றுவிடும். இரண்டு பேரில் யாரிடம் கேட்பது என்பதை மேஸ்திரியே முடிவு செய்யும். காரணம் சொல்லாது.

ஆறு மாதமாக அது என்னிடம் கேட்கவில்லை.

என் பெயர் ஷெர்லின். விங் கமாண்டர். ஊர் தூத்துக்குடி. வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் எஞ்சினியர், வருஷத்தில் பாதி கடலில் கழிகிறது அவருக்கு. கோகிலவாணியும் விங் கமாண்டர்தான், காங்கேயம் பக்கத்துக்காரி. பயிற்சிக் காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறை, ஒரே வாளி, ஒரே சோப்பு. ஓட்டப் பயிற்சியில் அவளுக்குக் கால் சுளுக்கியபோது அவள் மூட்டையையும் சேர்த்து நான்தான் முதுகில் சுமந்து ஓடினேன். இதையெல்லாம் சொல்லிக்காட்டுகிற ஆள் இல்லை நான். ஏதோ பேச்சுக்கு வந்தது.

முதலில் விளக்கு என் மேசையில்தான் எரிந்துகொண்டிருந்தது. ஒரு நாள் நான் 'சரி' சொன்ன இழுவை டிராக்டர் ஒன்று, நிறுத்தியிருந்த விமானத்தின் வாலில் உரசிவிட்டது. பெரிய சேதம் இல்லை, ஒரு தகடு மாற்றினார்கள். ஆனால் மறுவாரமே விளக்கு இடம் மாறிவிட்டது. ஒரு தகட்டுக்கு ஆறு மாதத் தண்டனையா? கோகிலவாணி தப்பே செய்யவில்லையா? செய்தாள். எண்ணெய் லாரியைத் தவறான கொட்டகைக்கு அனுப்பப் பார்த்தாள், நான் 'நில்' அழுத்தினேன். பறவைக் கூட்டம் வந்ததைக் கவனிக்காமல் பயிற்சி விமானத்தைக் கிளப்பப் பார்த்தாள், நான் 'நில்' அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் இதோ இப்போது விளக்கு என்னிடம் வரும் என்று காத்திருப்பேன். மறுநாள் காலையில் அது ஒய்யாரமாக அவள் மேசையிலேயே எரியும். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

அதைவிட மோசம் அவள் சிரிப்பு. விளக்கு எரிந்தவுடன் என் பக்கம் திரும்பி, உதட்டை மூடிக்கொண்டு லேசாக ஒரு சிரிப்பு சிரிப்பாள். பார்த்தாயா என்பது போல. வெள்ளந்தியான பெண், இதற்குமுன் அப்படியெல்லாம் சிரித்தவளே இல்லை. பதவி வந்தால் புத்தி மாறும் என்பார்கள், விளக்கு வந்தாலே மாறிவிட்டது.

அப்புறம் அந்த மேசைத் தட்டு. இது எங்கள் தளத்தில் மட்டும் உள்ள வழக்கம். இறங்கிய விமானி, உடுப்புகூட மாற்றாமல் எங்கள் அறைக்கு வந்து, தன்னைக் கரைசேர்த்த அதிகாரியின் மேசையை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டிவிட்டுப் போவார். நன்றி என்று சொல்ல மாட்டார், சொன்னால் அது மரியாதை இல்லை. யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. மெடலைவிட எங்களுக்கு அது பெரிது. ஆறு மாதமாக என் மேசையில் கேட்ட சத்தம், நான் டீ கிளாஸை வைக்கிற சத்தம் மட்டும்தான். அந்தப் பக்கம் டக் டக், டக் டக் என்று நாள் முழுக்க மரங்கொத்தி.

ஒருநாள் கேண்டீனில் அவளிடம் கேட்டேவிட்டேன்.

"ஏட்டி, அந்த மேஸ்திரிக்கு நீ என்னட்டி வசியம் வச்ச?"

"நானெங்க வச்சேன்?" என்று இட்லியைப் பிட்டாள். "அதுக்கு என்ற மேசை புடிச்சிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

"நீ பண்ணுத தப்பையெல்லாம் பிடிக்கது நானு. தட்டு வாங்குதது நீ. இது என்ன நியாயம்?"

"அப்ப தப்பப் புடிச்சிக்கிட்டே இரு. நல்லாத்தான புடிக்கற." அதே சிரிப்பு. "கண்ணுல எண்ணெய ஊத்திக்கிட்டுப் பாரு. எப்பவாச்சும் நான் வசமா மாட்டுவேன்."

அந்த இட்லித் தட்டைத் தூக்கி அவள் தலையில் கவிழ்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சீருடையில் இருந்தோம், அதனால் விட்டுவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து நிஜமாகவே கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். என் திரையைப் பார்த்த நேரத்தைவிட அவள் திரையைப் பார்த்த நேரம்தான் அதிகம். அவள் தும்மினால்கூட எதற்குத் தும்மினாள் என்று யோசித்தேன். எப்போதும் என் விரல் அந்தச் சிவப்பு விசைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஐப்பசி அடைமழையில் அந்த நாள் வந்தது.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். கடல் மேல் ரோந்து போன விமானங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. மூன்று இறங்கிவிட்டன. கடைசி விமானத்தில் இருந்தது ஸ்க்வாட்ரன் லீடர் சிபி, கோகிலவாணியின் கணவர். கணவன் மனைவி ஒரே தளத்தில் இருப்பது எங்கள் படையில் சாதாரணம். அவள் அவரை வானொலியில் மற்ற விமானிகளைக் கூப்பிடுவது போலவே எண் சொல்லித்தான் கூப்பிடுவாள், குரல் ஒரு இழை மாறாது. அதிலும் எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன்.

அன்றைக்குச் சிபியின் விமானத்தில் பிரேக்குக்குப் போகிற எண்ணெய் கசிந்துவிட்டது. எரிபொருளும் அடியில். வேறு தளத்துக்கு அனுப்ப முடியாது. அதோடு, இறங்கப் போகிற சமயத்தில் காற்று திசை மாறிவிட்டது. கடல் பக்கத்திலிருந்து வந்து இறங்க வேண்டியவர், ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து இறங்க வேண்டும்.

இங்கே வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஓடுபாதையின் இரண்டு முனையிலும் ஆள் உயரத்துக்குமேல் நைலான் வலை உண்டு. பிரேக் பிடிக்காமல் ஓடிவரும் விமானத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு. விமானம் நுழைகிற முனையில் வலை தரையோடு படுத்திருக்க வேண்டும், போய் நிற்கிற முனையில் எழுந்து நிற்க வேண்டும். காற்று திசை மாறினால் இரண்டையும் மாற்ற வேண்டும். மேஸ்திரி உத்தரவு போடும், வலைக்காரர்கள் மோட்டாரைப் போட்டு இறக்குவார்கள், இறக்கி முடித்ததும் 'ஆச்சு' என்ற பொத்தானை அழுத்துவார்கள்.

அப்படித்தான் சட்டம். நடப்பது வேறு. மேஸ்திரிக்குத் தாமதம் பிடிக்காது. ஒரு வேலை கொஞ்சம் இழுத்தாலும் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூவும், மாதக் கடைசியில் மதிப்பெண்ணில் கைவைக்கும். அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். உத்தரவு வந்ததும் முதலில் 'ஆச்சு' அழுத்திவிடுவார்கள், பிறகு வேலையை ஆரம்பிப்பார்கள். எண்ணெய் லாரிக்காரர், டிராக்டர்காரர், வலைக்காரர் எல்லோருக்கும் இதே பழக்கம். தளத்தில் எல்லோருக்கும் தெரியும். கோகிலவாணிக்கும் தெரியும். தெரியாதது மேஸ்திரி ஒன்றுக்குத்தான்.

திரையில் வரிசையாகப் பச்சை விழுந்தது. தீயணைப்பு வண்டி தயார். ஆம்புலன்ஸ் தயார். ஊர்ப் பக்கத்து வலை இறக்கியாச்சு. கடல் பக்கத்து வலை ஏற்றியாச்சு. சிபி இறங்கலாமா என்று மேஸ்திரி கேட்டது. விளக்கு கோகிலவாணியின் மேசையில். அன்றைக்கு அவள் என் பக்கம் திரும்பிச் சிரிக்கவில்லை. 'சரி' விசையை அழுத்தினாள்.

நான் சிபியைப் பார்க்கவில்லை. மழையைப் பார்க்கவில்லை. அவள் திரையில் எங்காவது ஒரு ஓட்டை இருக்காதா என்று மட்டும்தான் துழாவிக்கொண்டிருந்தேன். அகப்பட்டது. ஊர்ப் பக்கத்து வலைக்கு உத்தரவு போன மறு மூச்சில் 'ஆச்சு' வந்திருந்தது. அந்த மோட்டார் மழையில் நனைந்தால் முக்கி முனகி இறங்குவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். மூச்சு விடுகிற நேரத்தில் எந்த வலையும் படுக்காது.

மாட்டினாயா மகளே என்று மனசுக்குள் கூவிக்கொண்டு 'நில்' விசையில் ஓங்கிக் குத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் சிபியின் உயிர் என் நினைப்பிலேயே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மேகத்துக்குள்ளிருந்து தாழ இறங்கிவந்த விமானம், வானொலியில் மேஸ்திரியின் 'இறங்காதே' கேட்டதும் சடாரென்று மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் கூரைக்கு மேல் இரைந்துகொண்டு போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கோகிலவாணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "ஏய்! என்ன பண்ணிப்போட்ட? அவருகிட்ட எண்ணெயில்ல! இன்னொரு சுத்துக்குப் பத்துமோ பத்தாதோ!"

"வல இறங்கலட்டி!"

"ஆச்சுன்னு வந்துருச்சு!"

"ஆச்சுன்னா ஆச்சா? நம்ம ஆளுகளப் பத்தி உனக்குத் தெரியாதா?"

கேமராவைத் திருப்பினேன். மழைத் திரைக்குள் மங்கலாகத் தெரிந்தது. வலை பாதிகூட இறங்கவில்லை. இரண்டு பேர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அதை இழுத்துக்கொண்டிருந்தார்கள். சிபி வந்த வேகத்தில் சக்கரம் அதில் மாட்டியிருந்தால் தீயணைப்பு வண்டிக்கு வேலை இருந்திருக்கும், ஆம்புலன்ஸுக்கு இருந்திருக்காது.

கோகிலவாணி அந்தப் படத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். வலை முழுக்கத் தரையில் படுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மறுபடி 'சரி' அழுத்தினாள். சிபி இரண்டாம் சுற்றில் இறங்கி, பிரேக் இல்லாமல் ஓடுபாதை முழுக்க ஓடி, கடல் பக்கத்து வலையில் போய்ச் சொருகி நின்றார். எரிபொருள் முள் அடியில் படுத்துவிட்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

கொஞ்ச நேரத்தில் சிபி எங்கள் அறைக்கு வந்தார். நெடுநெடுவென்ற ஆள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நடக்கிற இடமெல்லாம் பூட்ஸ் தடம். 'நில்' அழுத்தியது நான்தான் என்பதை வலைக்காரர்களே அவருக்குச் சொல்லிவிட்டார்கள் போல. வாசலுக்குப் பக்கத்தில் இருப்பது கோகிலவாணியின் மேசை. அவள் எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், ஆனால் நிற்கவில்லை. அவள் மேசையைத் தாண்டி என் மேசைக்கு வந்தார்.

டக். டக்.

ஆறு மாதப் பசிக்குச் சோறு கிடைத்தது போல இருந்தது எனக்கு. வெற்றிப் பார்வையோடு கோகிலவாணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சோறு தொண்டையில் நின்றது. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் என் மேசையில் சிபியின் விரல் பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஈரம் இருந்தது.

மறுநாள் காலையில் கொஞ்சம் பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். இன்றைக்கு விளக்கு என் மேசையில் எரியாமல் வேறு எங்கே எரியும்? உட்கார்ந்தேன். முதல் கேள்வி வந்தது. விளக்கு கோகிலவாணியின் மேசையில் எரிந்தது.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. நேராகத் தஸ்தகீர் அறைக்குப் போனேன். தஸ்தகீர் மேஸ்திரியைப் பராமரிக்க வந்திருக்கும், படையைச் சேராத எஞ்சினியர், வாணியம்பாடிக்காரர், பாதி நரைத்த தாடி, பேச்சில் அவசரமே கிடையாது. பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"உங்க மேஸ்திரிக்கு மூளை இருக்கா இல்லியா?" என்று ஆரம்பித்தேன். "நேத்து ஒரு உசுர நான் காப்பாத்திருக்கேன். அவ தப்புப் பண்ணிருக்கா. இன்னைக்கும் அவட்டத்தான் கேக்குது!"

"உக்காருங்க மேடம். டீ சாப்பிடறீங்களா?"

"டீ வேண்டாம். பதில் வேணும்."

அவர் பிளாஸ்கை மூடினார். "இதே கேள்வியோட நீங்க ரெண்டாவது ஆள்" என்றார். "அவங்களுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். விளக்கு யாருகிட்ட எரியுதோ அவங்கதான் கெட்டிக்காரங்கன்னு மேஸ்திரி நினைக்குதுன்னு யார் சொன்னது?"

"பின்ன?"

"அதுக்குக் கெட்டிக்காரங்க யாருன்னு கவலையே இல்ல. விபத்து குறையணும், அவ்ளோதான். சரி சொல்றவங்க தப்பு பண்ணத்தான் செய்வாங்க, மனுஷங்கதானே. அந்தத் தப்ப எதிர் மேசை பிடிக்குதா இல்லையா, அதுதான் அதோட கணக்கு. மொதல்ல விளக்கு உங்ககிட்ட இருந்துச்சு. ஒரு டிராக்டர் உரசுச்சே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? அதுக்குத்தான தண்டன."

"தண்டனை இல்ல மேடம். அன்னைக்கு டிராக்டர் போறத கோகிலவாணி மேடம் பார்த்துட்டுத்தான் இருந்தாங்க. நில் அழுத்தல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க. அந்த மாசம் முழுக்க அவங்க கை ஒரு தடவைகூட விசைக்குப் போகல. உங்க மேல அவ்வளவு பிரியம். பிரியம் இருக்கற எடத்துல கண்ணு அசந்துரும். மேஸ்திரி விளக்க மாத்திப் பார்த்துச்சு. நீங்க..." என்று சொல்லி டீயை உறிஞ்சினார். "நீங்க அவங்க மூச்சு விடறதக்கூட விட்டுவைக்கல."

நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நடுவுல ஒரு தடவ ரெண்டு நாள் விளக்க உங்களுக்குக் குடுத்துப் பார்க்கலாமான்னு சோதனை ஓட்டத்துல போட்டுப் பார்த்துச்சு. குடுத்தா உங்க கோபம் தணிஞ்சிரும், கண்ணு மந்தமாயிரும்னு கணக்கு வந்துச்சு. அதனால குடுக்கல."

"அப்ப என் வயித்தெரிச்சல வேணும்னே ஊதி ஊதி வளத்திருக்கு."

"அதுக்கு வயித்தெரிச்சல்னா என்னன்னு தெரியாது மேடம். எத்தனை வேகமா உங்க கை சிவப்பு விசைக்குப் போகுதுன்னு மட்டும்தான் தெரியும்." டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யாருகிட்டயும் சொல்லிக்காதீங்க. தெரிஞ்சிட்டா கை வேகம் போயிரும்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவள் கதை கேட்டிருப்பீர்கள். அந்த மூக்கை எடுத்து ஒருத்தன் பத்திரமாகக் காவலுக்கு வைத்துக்கொண்ட கதை இதுதான். அவமானமாக இருந்தது. அப்புறம், நம்ப மாட்டீர்கள், சிரிப்பு வந்தது. கோகிலவாணி என்மேல் வைத்த பிரியத்தால் விளக்கை வாங்கிக்கொண்டாள், நான் அவள்மேல் கொண்ட காய்ச்சலால் அதை இழந்தேன். ஆறு மாதமாகக் கனன்றது ஒரே நாளில் அவிந்துவிட்டது.

ஊரிலிருந்து முந்திரி மக்ரூன் வரவழைத்து எடுத்துக்கொண்டு அவள் குடியிருப்புக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், கட்டிப்பிடித்து அழ வேண்டும், மறுபடி பழையபடி ஆகிவிட வேண்டும் என்றுதான் போனேன். கதவைத் திறந்தது சிபி.

"வாங்க வாங்க! கோகிலா, யாரு வந்துருக்காங்கன்னு பாரு, என்னைக் காப்பாத்துன சாமி!" என்று வீடே அதிரக் கூவினார். உட்கார்ந்த அரைமணி நேரமும் ஷெர்லின் கண் என்ன கண், ஷெர்லின் கை என்ன கை என்று அதே பாட்டு. கோகிலவாணி மக்ரூன் பெட்டியை வாங்கி மேசை மேல் வைத்தாள். பிரிக்கவில்லை.

"சாப்பிடுட்டி. உனக்குப் பிடிக்குமே."

"அப்பறமா தின்னுக்கறேன். என்ற வூட்டுக்காரருக்கு உசுரு குடுத்தவ நீ, நீயே தின்னு."

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதமாக என் தொண்டைக்குள் இருந்த குரல் அது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலையில் எனக்கு ஒரு நிம்மதி. அவள் திரையைத் துழாவவில்லை. அவள் கெட்டிக்காரி, பார்த்துக்கொள்வாள் என்று என் வேலையை மட்டும் பார்த்தேன். மழை விட்டு மார்கழிப் பனி இறங்கியது. ஒருநாள் அவள் ஒரு எண்ணெய் லாரியை முன்கூட்டியே விட்டுவிட்டாள். நான் அதை ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தேன். நல்லவேளை, எதுவும் ஆகவில்லை.

மறுவாரம் காலையில் வந்து உட்கார்ந்தேன். சிபியும் இன்னும் இரண்டு பேரும் ரோந்து முடித்துத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். சிபிக்குத்தான் முதலில் இறங்க வேண்டிய முறை. மேஸ்திரி கேட்டது.

விளக்கு என் மேசையில் எரிந்தது.

எத்தனை நாள் இந்தப் பச்சைக்காக ஏங்கியிருப்பேன்! இப்போது அதைப் பார்த்ததும் சந்தோஷம் வரவில்லை. ஏனென்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், இப்போது எரிவது அவள் வயிறு. மெல்லத் தலையைத் திருப்பினேன். கோகிலவாணி தன் திரையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் சிவப்பு விசைக்குமேல் ஒரு நூல் உயரத்தில் நின்றது.

சொல்லிவிடலாம். இரண்டு வாக்கியம் போதும். தஸ்தகீர் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னால் அவள் மனசிலிருக்கிற முள் விழுந்துவிடும், என் சிநேகிதி எனக்குத் திரும்பக் கிடைப்பாள். ஆனால் முள் விழுந்தால் அந்த விரலும் விசையைவிட்டு விலகிவிடும். நான் தப்புப் பண்ணமாட்டேன் என்று எனக்கே நிச்சயமில்லை. மேலே பறந்துகொண்டிருப்பது அவள் புருஷன்.

உதட்டை மூடிக்கொண்டு, அவளைப் பார்த்து லேசாக ஒரு சிரிப்பு சிரித்தேன். பார்த்தாயா என்பது போல. பிறகு வலை படுத்திருப்பதைக் கேமராவில் ஒரு தடவை பார்த்துவிட்டு 'சரி' அழுத்தினேன். அவள் விரல் அசையவில்லை, விலகவும் இல்லை. சிபி அலுங்காமல் இறங்கினார்.

"உனக்கு அந்தச் சிரிப்பு சரியா வரல புள்ள" என்றாள் கோகிலவாணி.

"எந்தச் சிரிப்பு?"

"நான் ஆறு மாசம் சிரிச்சேனே, அது."

ரெண்டாவது ஆள் என்று தஸ்தகீர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நீயும் அவர்ட்ட போனியா?"

"விளக்கு என்ற மேசைக்கு வந்த மறுநாளே போனேன். எதுக்கு என்ற சிநேகிதிகிட்ட இருந்து புடுங்கி எனக்குக் குடுக்கறீங்கன்னு சண்டை போடத்தான் போனேன். சொன்னாரு." அவள் கண் இன்னும் என் கையில்தான் இருந்தது. "அவரு தினம் மேல பறக்கறாரு. நீ அசந்துட்டா என்ன பண்றது? அதான் சிரிச்சு வச்சேன். நீ எரிஞ்சுக்கிட்டு இருந்தாப் போதும்னு."

"பாவி மட்ட!" என்றேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "ஏட்டி, அப்ப இப்பயாவது விடேன். ரெண்டு பேருக்குந்தான் எல்லாம் தெரிஞ்சு போச்சே. என்மேல என்ன கோவம் உனக்கு?"

"விளக்குக்கெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல. அது எதுக்கு எரியுதுன்னு எனக்குத் தெரியும்." என் மேசையில் சிபி தட்டிய இடத்தைக் கண்ணால் காட்டினாள். "அவரு என்னையத் தாண்டி வந்து உன்ற மேசையத் தட்டுனாரு பாரு. அது போகமாட்டீங்குது ஷெர்லின். நானும் நெனச்சு நெனச்சுப் பாத்துட்டேன். போகமாட்டீங்குது."

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சிபி வருகிறார். இன்றைக்கும் கரைசேர்த்தது என் மேசைதான், இன்றைக்கும் அவள் மேசையைத் தாண்டித்தான் அவர் வர வேண்டும். நான் சட்டென்று எழுந்தேன்.

"நான் பாத்ரூம் போயிட்டு வாறேன். ஆள் இல்லன்னா உன் மேசையில தட்டிட்டுப் போயிருவாரு."

"உக்காரு" என்றாள்.

"கோகி..."

"உக்காருன்னு சொல்றனல்ல. தட்டட்டும். தட்டுனாத்தான் நாளைக்கும் எனக்குக் கை வேகமா இருக்கும்."

உட்கார்ந்தேன். சிபி சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார். மனைவியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, அவள் மேசையைத் தாண்டி என்னிடம் வந்து இரண்டு தடவை தட்டினார். நான் கோகிலவாணியைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தேன். இந்தத் தடவை சரியாக வந்தது.